பஞ்சர் ஒட்டிய பிறகு சைக்கிள் டயரின் கடைசி ஒரு சாண் ஏன் ஏறுவதில்லை?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பின் சக்கரம் பஞ்சர். டியூபை வீட்டிலேயே ஒட்டியாயிற்று. டயரைத் திரும்ப மாட்டும்போது முக்கால்வாசி சுலபமாக ஏறிவிடுகிறது, கடைசி ஒரு சாண் மட்டும் அடம்பிடிக்கிறது. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் ஏறுகிறது, ஆனால் காற்றடித்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பஞ்சர். கையில் வலு போதவில்லையா, டயர் அளவே தவறா, இதற்கென்று ஏதாவது உத்தி இருக்கிறதா?

உத்தி இருக்கிறது. பெரும்பாலும் கை வலுவிலும் குறை இருக்காது, டயரிலும் குறை இருக்காது. ரிம்மின் நடுவில் ஓடும் பள்ளத்தைப் பயன்படுத்தாமல் ஏற்றப் பார்க்கிறீர்கள், அதுதான் சிக்கல். அந்தப் பள்ளம் எதற்கு என்று புரிந்துவிட்டால் சாதாரண சைக்கிள் டயர்களில் பெரும்பாலானவை எந்தக் கருவியும் இல்லாமல் வெறும் கையாலேயே ஏறும்.

டயரை முழுக்கக் கழற்றிவிட்டு வெறும் ரிம்மை ஒருமுறை உற்றுப் பாருங்கள். இரண்டு பக்கமும் எழும்பி நிற்கும் விளிம்பு. அதை ஒட்டி உள்பக்கம் டயரின் ஓரம் உட்காருவதற்கு ஒரு சிறு திட்டு. இரண்டு திட்டுக்கும் நடுவே, ஸ்போக்ஸ் கம்பிகளின் தலை தெரியும் இடத்தில், ஒரு பள்ளம். இனி டயரின் ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். ரப்பருக்குள் ஒரு கம்பி வளையம் ஓடுவது தெரியும். விலை கூடிய மடிப்பு டயர்களில் கம்பிக்குப் பதிலாகக் கெவ்லார் நார் இருக்கும். கம்பியோ நாரோ, அது நீளாது. நீளவும் கூடாது, நீண்டால் காற்றின் அழுத்தத்தில் டயர் ரிம்மை விட்டுத் தெறித்துவிடும்.

அப்படியானால் நீளாத ஒரு வளையம் தன்னைவிடப் பெரிய விளிம்பை எப்படித் தாண்டும்? ஒரு பக்கத்தில் கம்பி திட்டை விட்டு இறங்கிப் பள்ளத்துக்குள் கிடந்தால், எதிர்ப்பக்கத்தில் அதற்கு ஈடான இளக்கம் கிடைக்கும். கணக்கும் எளிதுதான். பள்ளம் திட்டைவிட 4 மில்லிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம் 4 மி.மீ. குறைந்தால் சுற்றளவு சுமார் 25 மி.மீ. குறையும். அதாவது கம்பி பள்ளத்தில் கிடக்கும்போது ஏறக்குறைய ஓர் அங்குலம் மிச்சம். கடைசி ஒரு சாணை விளிம்பு தாண்ட வைப்பது அந்த ஓர் அங்குலம்தான். டயர் ஓரம் பள்ளத்தில் இறங்காமல் திட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தால் இந்த மிச்சம் உங்கள் கைக்கு வராது. அப்போது எவ்வளவு பலமாக நெம்பினாலும் கம்பியோடுதான் மல்லுக்கட்டுவீர்கள்.

இந்தப் பள்ளம் தற்செயலாக வந்ததில்லை. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் தொடக்க கால டயரைச் சக்கரத்தோடு சேர்த்தே ஒட்டியிருப்பார்கள். பஞ்சர் பார்ப்பதென்றால் ஒட்டியதையெல்லாம் பிரித்தாக வேண்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் 1890-இல் ஓரத்தில் கம்பி வைத்த டயரையும் நடுவில் பள்ளம் வைத்த ரிம்மையும் ஒன்றுக்கொன்று துணையாக வடிவமைத்துக் காப்புரிமை வாங்கினார். இன்று நம் வீட்டு சைக்கிளில் இருப்பதும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான். கருவி இல்லாமல் கழற்றி மாட்டுவதற்காகவே யோசித்துச் செய்த பொருள் இது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் நெம்பும் ஆசை தானாகக் குறையும்.

சரி, மாட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பலர் அதைத் தாண்டிப் போய்விடுவதால்தான் ஒட்டிய அன்றே மறுபடி ஒட்ட வேண்டியிருக்கிறது. டியூபை ஓட்டையாக்கிய பொருள் இன்னும் டயருக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் அது சீமைக் கருவேல முள்ளாக இருக்கும், இல்லையென்றால் நெருஞ்சி முள். கருவேல முள் வெளியே ஒடிந்து, உள்ளே நுனி மட்டும் மாட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பாக ஒரு புள்ளிதான் தெரியும். டயரின் உட்புறத்தை வெறும் விரலால் வேகமாகத் தடவாதீர்கள், முள்ளோ கம்பித் துணுக்கோ விரலில் ஏறிவிடும். பழைய பனியன் துணியையோ பஞ்சையோ சுற்று முழுக்க இழுத்துக்கொண்டு போங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே டயரை வெளிப்பக்கமாக மடித்தால் முள்ளின் நுனி எட்டிப் பார்க்கும். உள்ளிருந்து குத்தித் தள்ளிவிட்டு, வெளியிலிருந்து இடுக்கியால் பிடுங்கினால் முழுசாக வரும்.

இதை இன்னும் சுலபமாக்கும் பழக்கம் ஒன்று உண்டு. டயரில் கம்பெனிப் பெயர் அச்சிட்ட இடம் எப்போதும் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். பிறகு டியூபில் ஓட்டை வால்விலிருந்து இரண்டு சாண் தள்ளி இருந்தால், டயரிலும் பெயரிலிருந்து இரண்டு சாண் தள்ளித் தேடினால் போதும். டியூப் எந்தப் பக்கமாக இருந்தது என்று தெரியாவிட்டால் வால்வின் இரண்டு பக்கமும் தேடிவிடுங்கள்.

ரிம் டேப்பையும் பாருங்கள். ஸ்போக்ஸ் கம்பியின் தலையோ ஓட்டையின் விளிம்போ டியூபைக் கிழிக்காமல் காப்பது இந்தப் பட்டைதான். நகர்ந்திருந்தால் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், இற்றுப் போயிருந்தால் மாற்றுங்கள். ஆனால் தடிமனாக எதையாவது சுற்றி வைத்துவிடாதீர்கள். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி இரண்டு அடுக்காகச் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். பள்ளத்தில் பட்டையின் தடிமன் 1 மி.மீ. கூடினால் சுற்றளவில் 6 மி.மீ.க்கு மேல் இளக்கம் போய்விடும். முன்பு கையால் ஏறிய டயர் திடீரென்று ஏற மறுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பட்டையைத்தான்.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. டயர் பக்கவாட்டில் 40-635, 37-590, 50-559 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது டயரின் அகலம். இரண்டாவது ஓரக் கம்பி உட்காரும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில். ரிம்மோடு பொருந்த வேண்டியது இந்த இரண்டாவது எண். கம்பி பிரேக் வைத்த பழைய பெரிய சைக்கிளின் 28 x 1½ டயர் 635. ரேஸ் சைக்கிளின் 700 சி, மவுண்டன் சைக்கிளின் 29 இரண்டுமே 622. இன்ச் கணக்கை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். 26 x 1⅜ என்று பின்னத்தில் எழுதிய டயர் 590, 26 x 2.1 என்று புள்ளி வைத்து எழுதிய டயர் 559. இரண்டுமே 26 இன்ச்தான், ஆனால் ஒன்றின் ரிம்மில் மற்றது உட்காராது. உங்கள் விஷயத்தில் கழற்றிய அதே டயரைத்தானே மாட்டுகிறீர்கள், அதனால் இந்தக் கவலை வேண்டாம்.

இப்போது மாட்டுவதற்கு வருவோம். டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டு, ஒரு பக்க ஓரத்தை மட்டும் முழுச் சுற்றும் ரிம்முக்குள் ஏற்றுங்கள். இதில் சிரமம் இருக்காது. டியூபுக்குக் கொஞ்சமே கொஞ்சம் காற்றடியுங்கள், தன் வட்ட வடிவத்துக்கு வந்தால் போதும். தட்டையாகக் கிடக்கும் டியூப்தான் மடிந்து முறுக்கிக்கொண்டு டயர் ஓரத்துக்கு அடியில் போய் மாட்டும். டியூபின் மேல் லேசாக முகப் பவுடர் தடவினால் டயரோடு ஒட்டாமல் தன் இடத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். வால்வை ஓட்டையில் விட்டு, டியூபைச் சுற்று முழுக்க டயருக்குள் தள்ளுங்கள். வால்வு நேராக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் டியூப் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் சில வாரங்களில் வால்வின் அடிப்பகுதி கிழியும், அந்த இடத்தில் ஒட்டுப் போடவும் முடியாது.

இரண்டாவது ஓரத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். பலர் வால்வில் தொடங்கி எதிர்ப்பக்கத்தில் முடிக்கிறார்கள். வால்வு இருக்கும் இடத்தில் டியூபின் அடிப்பகுதி தடித்திருக்கும், அது பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். அங்கே டயர் ஓரம் பள்ளத்துக்குள் இறங்கவே முடியாது. அதனால் இறங்க வேண்டிய ஓரங்கள் எல்லாம் வால்வுக்கு எதிர்ப்பக்கம் இறங்கட்டும், விளிம்பைத் தாண்ட வேண்டிய கடைசிப் பகுதி வால்வின் பக்கம் வரட்டும்.

சக்கரத்தை நிமிர்த்தி, வால்வு தரையைப் பார்க்கும்படி வையுங்கள். மேலே, எதிர்ப்பக்கத்தில், டயர் ஓரத்தைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளுங்கள். அங்கிருந்து இரண்டு கையும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமாகக் கீழே இறங்கட்டும். ஒரு கை மட்டும் முன்னால் ஓடினால் அந்தப் பக்கம் ஏறியது இந்தப் பக்கம் கழன்றுகொண்டே வரும். கடைசியில் வால்வைச் சுற்றி ஒரு சாணோ ஒன்றரைச் சாணோ மிச்சம் நிற்கும். நீங்கள் ஸ்க்ரூடிரைவரைத் தேடிய இடம் இதுதான்.

இங்கே நிறுத்திவிட்டு, டியூபில் விட்டிருந்த கொஞ்சக் காற்றையும் முழுக்க இறக்கிவிடுங்கள். அது இனிமேல் இடைஞ்சல். அப்புறம் மேலிருந்து தொடங்கி, டயரை இரண்டு பக்கமும் விரல்களால் கிள்ளிப் பிடித்து, இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று தொடும்படி நடுவுக்குக் கொண்டுவந்து பள்ளத்துக்குள் இறக்குங்கள். இறக்கிய கையோடு டயரைக் கீழ்நோக்கி இழுங்கள். சுற்று முழுக்க இப்படிக் கிள்ளுவதும் இழுப்பதுமாக வால்வை நோக்கி வாருங்கள். இழுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம், உடம்பின் எடையையும் கொஞ்சம் கொடுங்கள். வால்வின் பக்கம் வந்து பார்த்தால், இறுக்கமாக விறைத்து நின்ற ஓரம் இப்போது லேசாகத் தொளதொளப்பது கைக்கே தெரியும். ஒரு தடவையில் தெரியாவிட்டால் இன்னொரு தடவை செய்யுங்கள். டயர் ஏறுவதும் ஏறாததும் இந்தச் சுற்றில்தான் தீர்மானமாகிறது, அதனால் இதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும்.

இனி சக்கரத்தைத் திருப்பி வால்வை மேலே கொண்டுவாருங்கள். ஏறாத ஓரம் உங்களைப் பார்த்து இருக்கட்டும், சக்கரம் வயிற்றில் சாய்ந்து நிற்கட்டும். விரல்கள் டயரின் மறுபக்கத்தைப் பிடித்திருக்க, இரண்டு உள்ளங்கைகளின் அடிப்பகுதியால் டயரை மேல்நோக்கி உருட்டித் தள்ளுங்கள். கட்டைவிரல் நுனியால் குத்திக் குத்தித் தள்ளினால் விரல்தான் வலிக்கும், உள்ளங்கையின் அடிப்பகுதிக்குத்தான் பலம். ஒரே மூச்சில் முழுச் சாணையும் தாண்டவைக்க முயலாதீர்கள். மிச்சத்தின் ஒரு முனையில் இரண்டு விரற்கடை, அப்புறம் மறுமுனையில் இரண்டு விரற்கடை என்று மாறி மாறிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சைக்கிள் கடையில் பழகிய கைகளைக் கவனித்துப் பாருங்கள். அந்தக் கைகள் அவசரமே படாது. சுற்றிவர ஒரு தட்டு, ஒரு கிள்ளு, கடைசியில் உள்ளங்கையால் ஓர் அழுத்து, டப்பென்று டயர் உட்கார்ந்துவிடும்.

புது டயர் என்றால் இத்தனைக்குப் பிறகும் முரண்டு பிடிக்கலாம். முதலில் அரை மணி நேரம் வெயிலில் போடுங்கள், சூடேறிய ரப்பர் நன்றாக வளையும். பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்த தண்ணீரை விளிம்பில் தொட்டுத் தடவுங்கள். எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், அது ரப்பரைக் கெடுக்கும், பிரேக் கட்டையும் வழுக்கும். ஒரு முனையில் ஏற்றும்போது மறுமுனை கழன்றுகொண்டே வந்தால், பழைய டியூபில் வெட்டிய பட்டையால் அந்த இடத்தில் டயரையும் ரிம்மையும் சேர்த்துக் கட்டிவிட்டு வேலையைத் தொடருங்கள். ட்யூப்லெஸ் டயரும் போடத்தக்க ரிம்மாக இருந்தால் அதன் திட்டில் சிறு மேடு இருக்கும். அதில் ஓரம் தானாக நழுவிப் பள்ளத்துக்கு வராது, ஒவ்வோர் இடமாகத் தள்ளி இறக்க வேண்டும். அவ்வகை ரிம்களில் டயர் இறுக்கமாக இருப்பது இயல்புதான்.

எல்லாம் செய்தும் நான்கு விரற்கடை நிற்கிறது என்றால் லிவர், அதாவது டயரை நெம்பும் பட்டை, எடுக்கலாம், ஆனால் பிளாஸ்டிக் லிவர். ஸ்க்ரூடிரைவரின் கூரான முனை டியூபை ரிம்மோடு வைத்து நறுக்கும், அலுமினிய ரிம்மின் விளிம்பையும் தழும்பாக்கும். லிவரை உள்ளே விடும் முன் அந்த இடத்தில் டியூபை விரலால் மேலே தள்ளிவிடுங்கள். லிவரின் நுனி ஆழமாகப் போகக்கூடாது, விளிம்பைப் பிடிக்கும் அளவு போதும். ஒரு தடவைக்கு ஒரு விரற்கடை அகலம்தான் தூக்க வேண்டும்.

டயர் ஏறியதும் உடனே காற்றடித்துவிடாதீர்கள். வால்வை ஒருமுறை டயருக்குள் நன்றாக மேலே தள்ளி, பிறகு கீழே இழுங்கள். வால்வடியில் டயர் ஓரத்துக்குக் கீழே சிக்கியிருக்கும் டியூப் இதில் விடுபட்டுவிடும். அப்புறம் சக்கரத்தின் இரண்டு பக்கமும் டயரை விரலால் ஒதுக்கிக்கொண்டே சுற்று முழுக்கப் பாருங்கள். விளிம்புக்கும் டயருக்கும் நடுவில் எங்கேயாவது டியூப் எட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் டயரை முன்னும் பின்னும் அசைத்து உள்ளே அனுப்புங்கள். அப்படியே காற்றடித்தால் டியூப் வெளியே பிதுங்கி, வெடிச்சத்தத்தோடு கிழியும். ஒட்டவே முடியாத நீளக் கிழிசலாக இருக்கும்.

முதலில் பாதிக் காற்று மட்டும் அடியுங்கள். டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி, மெல்லிய கோடு ஒன்று சுற்று முழுக்க ஓடும். சக்கரத்தைச் சுழற்றி அந்தக் கோட்டைப் பாருங்கள். ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்தால் அங்கே ஓரம் இன்னும் பள்ளத்தில் கிடக்கிறது. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தொட்டு, மறுபடி அடித்தால் ஏறிக்கொள்ளும். ஓரிடத்தில் மட்டும் கோடு மேலே எழும்பியிருந்தால் பெரும்பாலும் அடியில் டியூப் சிக்கியிருக்கும். அதை விட்டுவிட்டுக் காற்றைக் கூட்டுவது ஆபத்து. கோடு சரியாக இருந்தால் டயரில் அச்சிட்டிருக்கும் பிஎஸ்ஐ அளவைத் தாண்டாமல் மிச்சக் காற்றை அடியுங்கள். கார் வால்வு மாதிரி இருக்கும் டியூபுக்குப் பெட்ரோல் பங்கில் காற்றடிப்பதானால் கவனம் தேவை. சைக்கிள் டியூபின் கொள்ளளவு சிறியது, ஓரிரு நொடியில் எல்லை மீறிவிடும். விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

பழைய பெரிய சைக்கிளாக இருந்தால், பின் சக்கரத்தைக் கழற்ற முழு செயின் கவரையும் பிரிக்க வேண்டியிருக்கும். டியூபையே மாற்றினால்தான் அதற்கு அவசியம். வெறும் ஒட்டு என்றால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, செயின் இல்லாத பக்கம் டயர் ஓரத்தை மட்டும் கழற்றி, டியூபின் ஓட்டைப் பகுதியை வெளியே இழுத்து ஒட்டிவிட்டு உள்ளே தள்ளலாம். வீதியோரக் கடைகளில் அப்படித்தான் செய்வார்கள். திரும்ப ஏற்றும் முறை மேலே சொன்னதேதான், முடிவது வால்வில்.

மாட்டிய மறுநாள் காலையில் காற்று இறங்கியிருந்தால் டியூபைக் கழற்றும் முன் வால்வைப் பாருங்கள். பழைய மாதிரி வால்வில் உள்ளே ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கும், வால்டியூப். அது இற்றுப் போனாலும் பஞ்சர் மாதிரியேதான் காற்று இறங்கும். வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்தால் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும். குமிழி வந்தால் வால்டியூபை மட்டும் மாற்றினால் போதும். வராவிட்டால் டியூபைக் கழற்றித் தண்ணீரில் முக்கி, ஓட்டை எங்கே என்று பாருங்கள். தரையைப் பார்க்கும் வெளிப்புறத்தில் என்றால் முள் இன்னும் டயரில் இருக்கிறது. ஸ்போக்ஸ் பக்கம் பார்க்கும் உட்புறத்தில் என்றால் ரிம் டேப்பைச் சரி செய்யுங்கள். அருகருகே இரண்டு சிறு கீறல்கள் என்றால் காற்றுக் குறைவாக இருந்து குழியில் இறங்கியதில் ரிம் நசுக்கியிருக்கலாம், அல்லது நெம்பும்போது டியூப் லிவருக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவர் போட்ட உங்கள் டியூபில் பக்கவாட்டில், டயர் ஓரம் படும் இடத்தில், ஒரு சிறு வெட்டு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பழைய ஒட்டுக்குப் பக்கத்தில் தேடாமல் அங்கே தேடுங்கள்.